கதைமாந்தர் குணமறிதல்: தமிழ்ப் பள்ளிக் கல்வியில் ஒரு பயிற்சியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கதையில் வரும் மாந்தரின் குணத்தைக் கண்டறிந்து தம் சொற்களில் எடுத்துரைத்தல் இன்று தமிழ்ப் பாடத்தில் வழக்கமான பயிற்சியாக உள்ளது. இப்பயிற்சிக்கு இரு கூறுகள் உண்டு. குணத்திற்குப் பெயரிடுதல் ஒன்று. அப்பெயருக்குக் கதையிலிருந்து சான்று காட்டுதல் மற்றொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அச்சு நூல்கள் முதல் இன்றைய பாடநூல்கள் வரை பெயரிடுதல் பள்ளிக்குள் வேரூன்றியது. சான்று காட்டும் மரபோ உரையாசிரியரிடமும் பின்னர்ப் பட்டிமன்ற மேடையிலுமே பெரிதும் தங்கியது. இப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கதைமாந்தர், பண்பு, மெய்ப்பாடு, பஞ்சதந்திரம், பாலபாடம், பட்டிமன்றம், விரிவானம்

முன்னுரை

கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலின் மணியை அசைத்த கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் இளவயதிலேயே கேட்டறிகின்றனர். அரசனின் பண்பு யாது என்று வினவினால், 'நீதி தவறாதவன்' என்ற விடை தயக்கமின்றி வரும். அவ்விடை பிழையன்று. ஆயினும் சேக்கிழார் பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் விரிக்கும் அந்நிகழ்ச்சியில் வேறு இருவரும் உள்ளனர். அறியாமல் கன்றின் மேல் தேர் ஏறிவிட, அதற்குக் கழுவாய் தேடிப் பதறுகின்ற இளவரசன் ஒருவன். இளவரசன் மீது தேரைச் செலுத்துமாறு பணிக்கப்பட்டு, அதனைச் செய்ய மாட்டாமல் தன் உயிரையே விட்டுவிடுகின்ற அமைச்சன் மற்றொருவன்.

இவ்வமைச்சனின் குணம் யாது? ஆணையை நிறைவேற்றாதவன் என்பதால் கடமை தவறியவனா? பிறர் மகனைக் கொல்வதினும் தான் மாய்வதே மேல் எனத் துணிந்தமையால் அருளுடையவனா? அரசனின் நீதி பிழை என்று சொல்லத் துணிவின்றி இறந்த கோழையா? மூன்றுக்கும் கதையில் இடமுண்டு. சிறுவர்க்கென எழுதப்படும் சுருக்கங்கள் பலவற்றில் அமைச்சன் இடம்பெறுவதே இல்லை. ஒரே சொல்லில் அடங்காத மாந்தரைச் சிறுவர் கதை எளிதில் கைவிட்டுவிடுகிறது. விடுபடுவது ஒரு துணைமாந்தர் மட்டுமன்று. பிறர் செயலை எடைபோட்டுத் தீர்ப்புரைக்கும் வாய்ப்பும் பிள்ளையிடமிருந்து விடுபடுகிறது.

பழைய அளவுகோல்கள்

குணம், பண்பு, இயல்பு, நலன் என்ற சொற்கள் இன்றைய வினாத்தாள்களில் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. பழந்தமிழில் 'பண்பு' உள்ளே உறையும் ஒரு பொருளாக மட்டும் கருதப்படவில்லை. கலித்தொகையின் நெய்தற் பகுதியில் தோழி தலைவனிடம் பேசும் புகழ்பெற்ற பாட்டு, பிறருடைய இயல்பை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்வதையே பண்பு என வரையறுக்கிறது. அதாவது பண்பு, மற்றொருவர் முன்னிலையில் நிகழும் ஒழுக்கம். திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரமும் இதனை ஒட்டியே செல்கிறது. ஒருவரது பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செய்யும் செயலே உரைகல் என்கிறது ஒரு குறள். குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, மிகுதியானதைக் கொண்டு ஒருவரை மதிப்பிடச் சொல்கிறது அதற்கு முந்திய குறள். ஒருவரிடம் இரண்டும் உண்டு என்பது இங்கே முன்முடிவாகவே கொள்ளப்பட்டுள்ளது. அரசன் வினைக்குரியாரைத் தேர்ந்தெடுப்பதற்குக் கூறப்பட்ட இவ்வளவுகோல், கதை படிக்கும் பிள்ளைக்கும் சற்றும் குறையாமல் பொருந்தும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வேறொரு கோணத்தில் உதவுகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டு மெய்ப்பாடுகளுக்கும் தனித்தனியே நான்கு நிலைக்களன்கள் கூறப்படுகின்றன. பெருமிதம் பிறப்பது கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றால். அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றால். மெய்ப்பாடு நிலையான குணமன்று, ஒரு கணத்து உணர்வு. ஆகவே இரண்டையும் ஒன்றாக்குதல் தகாது. ஆனால் முறை கவனிக்கத்தக்கது. 'அழுதாள்' என்று சொல்லி நிறுத்தாமல், இழந்ததால் அழுதாளா, இழிவுபட்டதால் அழுதாளா என்று வினவும் பழக்கம் அதில் உண்டு. கண்ணில் தெரியும் குறியிலிருந்து காணாத காரணத்தை நோக்கிச் செல்லும் இவ்வழியையே உரையாசிரியர்கள் பாட்டுக்குப் பாட்டு பின்பற்றினர்.

மாணவரைப் பற்றியே பேசும் நன்னூலிலும் இதே போக்கு உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் தம் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை மூவகைப்படுத்துகிறார். முதல் வகையார்க்கு அன்னமும் பசுவும், இடை வகையார்க்கு நிலமும் கிளியும், கடை வகையார்க்கு ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய் வடிக்கும் பன்னாடை ஆகியனவும் உவமைகள். இவற்றில் ஒன்றேனும் வெறும் அடைச்சொல் அன்று. அன்னம் நீரை நீக்கிப் பாலைக் கொள்கிறது. பசு மேய்ந்ததை ஓரிடத்தில் இருந்து அசைபோடுகிறது. ஆடு ஒரு செடியிலும் நிறைவு கொள்ளாமல் செடிக்குச் செடி தாவுகிறது. எருமை குளத்தைக் கலக்கிவிட்டே நீரைக் குடிக்கிறது. பன்னாடை நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிறது. 'மந்தபுத்தியுடையவன்' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம்; அப்படி முடிக்காமல், ஒவ்வொரு மந்தமும் எவ்வாறு வேறுபடுகிறது என்பதைச் செயலால் காட்டுகிறார் பவணந்தியார். குணத்தை விவரித்தல் என்பதற்கு இதனினும் நல்ல மாதிரி தமிழ் இலக்கண நூல்களில் அரிது.

அச்சில் வந்த கதைகள்

திண்ணைப் பள்ளியின் தொடக்கப் பாடங்களில் கதைக்குத் தனியிடம் குறைவு. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, சதகங்கள் எனச் செய்யுள் வழியே கல்வி நடந்தது. தாமஸ் மன்றோவின் ஆணைப்படி 1822 முதல் மாவட்ட ஆட்சியர்கள் திரட்டிய விவரங்களின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. காம்ப்பெல் 1823இல் அளித்த அறிக்கை, பேச்சு வழக்கிலிருந்து விலகிய செய்யுள்களைப் பிள்ளைகள் பொருளறியாமல் மனப்பாடம் செய்கின்றனர் எனக் குறை கூறியது. பெல்லாரி தமிழ்ப் பகுதியன்று. எனினும் இக்குற்றச்சாட்டு மாகாணம் முழுமைக்கும் பொருந்துவதாகவே பின்னர் எடுத்தாளப்பட்டது. முதலில் நெஞ்சில் நிறுத்து, பொருள் பின்னர் விளங்கும் என்ற பழைய கல்வி முறையின் நியாயத்தை இவ்வகை அறிக்கைகள் கண்டுகொள்ளவில்லை. ஆனால் எளிய உரைநடையில் அமைந்த கதைநூல் தேவை என்ற எண்ணம் அவற்றால் வலுப்பெற்றது.

அவ்வாறு அச்சேறிய தொடக்க நூல்களுள் இரண்டு இங்கு முதன்மையானவை. ஒன்று, வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. இது 1822இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் வெளியாயிற்று. குருவின் சீடர் ஐவர்க்கும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று பெயர். பெயரே குணம், படிப்பவர் கண்டுபிடிக்க எதுவும் எஞ்சவில்லை. இதில் வேடிக்கை யாதெனில், பெயர்கள் ஐந்தாயினும் ஐவரும் ஒரே வகையாகவே நடந்துகொள்கின்றனர். ஆற்றைக் கண்டு அஞ்சுவதிலோ தம்மை எண்ணாமல் விட்டு ஆள் குறைகிறது என்று அழுவதிலோ மட்டிக்கும் மடையனுக்கும் வேற்றுமை இல்லை. நன்னூலில் ஆடும் எருமையும் இரண்டு மந்தங்கள். இங்கே ஐந்து பெயர்கள் ஒரே மந்தம். நகைச்சுவைக்கு இதுவே போதும். குணமறியும் பயிற்சிக்கு இது தொடக்கமாக அமைந்தது நற்பேறு எனச் சொல்லவியலாது.

மற்றொன்று பஞ்சதந்திரம். புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழ்ப் புலவராயிருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த இவ்வுரைநடை நூல் 1826இல் வெளிவந்தது. கல்லாத அரச குமாரர்க்குக் கதைகளால் அறிவூட்டுதல் இந்நூலின் சட்டகக் கதை. ஆகவே கதையால் கற்பித்தல் என்ற கொள்கையே இதன் கருப்பொருள் எனலாம். இதன் முதல் தந்திரமாகிய மித்திரபேதம் பள்ளிக்கூடத்திற்குப் பெருஞ்சிக்கலை உண்டாக்கக்கூடியது. சிங்கத்திற்கும் எருதுக்கும் இடையே மலர்ந்த நட்பைத் தமனகன் என்னும் நரி கோள்சொல்லிப் பிரிக்கிறது. அரசனை அணுகுதல், குறிப்பறிந்து பேசுதல், தக்க பொழுதுக்குக் காத்திருத்தல் ஆகிய அனைத்திலும் அது வல்லது. இறுதியில் குற்றமற்ற எருது சிங்கத்தால் கொல்லப்படுகிறது. சிங்கம் வருந்துகிறது, தமனகன் அதனைத் தேற்றி, அமைச்சனாகவே நீடிக்கிறது.

தமனகன் அறிவாளியா, வஞ்சகனா? நூலின் நோக்கம் அரசியல் அறிவு என்று கொண்டால் முன்னது. அறம் என்று கொண்டால் பின்னது. இரண்டு விடைகளும் நூலுக்குள்ளேயே உள்ளன என்பதுதான் இங்கு முதன்மையானது. தமனகனின் துணையாகிய கரடகன் தொடக்கம் முதலே தயங்குகிறது. தமக்குத் தொடர்பில்லாத காரியத்தில் தலையிட வேண்டாம் என்று எச்சரிக்கிறது; முடிவில் கடிந்தும் பேசுகிறது. ஆனால் தடுப்பதில்லை. தமனகனைக் காட்டிலும் கரடகனைப் பற்றிப் பேசுவதே கடினம். தீமையை அறிந்தும் உடனிருந்தவனை எச்சொல்லால் குறிப்பது?

இந்த முடிவை ஏற்க மாட்டாதவர் வெகுகாலத்திற்கு முன்னரே இருந்தனர். எட்டாம் நூற்றாண்டில் இக்கதைகளைப் பாரசீகத்தின் பழைய வடிவமாகிய பகலவியிலிருந்து அரபு மொழிக்குக் கொண்டுவந்த இப்னுல் முகஃப்பாவின் கலீலா வ திம்னா நூலில் ஒரு புதிய இயல் காணப்படுகிறது. அதில் நரி நீதி விசாரணைக்கு நிறுத்தப்பட்டுத் தண்டனை அடைகிறது. மூலத்தில் இல்லாத இவ்வியல் அவரே சேர்த்தது என்பது அறிஞர் பலர் கருத்து. வஞ்சகத்தை வஞ்சகம் என்று கதையே சொல்லிவிட வேண்டும், படிப்பவரிடம் விட்டுவைக்கலாகாது என்ற கவலையின் மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. தமிழ்ச் சிறுவர்க்கு இத்தகைய விசாரணை இயல் எழுதப்படவில்லை. அதன் வேலையைக் கதையின் முடிவில் தனியே அச்சிடப்படும் 'நீதி' என்னும் ஒற்றை வரி செய்தது. மேலும் தமிழில் 'நரித்தனம்' என்னும் சொல்லே குணப்பெயர். கதையைத் திறப்பதற்கு முன்பே பிள்ளை தீர்ப்புடன்தான் வந்து அமர்கிறது.

நாவலரின் பாலபாடமும் சூசனமும்

யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், மிஷன் பள்ளிகளின் வாசகங்களுக்கு ஈடாகப் பாலபாடங்களை வரிசையாக எழுதினார். தெளிந்த உரைநடை, படிப்படியான கடினம், நிறுத்தக்குறிகள் என இவை தமிழ்ப் பாடநூலின் வடிவத்தையே மாற்றின. நான்காம் பாலபாடத்தின் தலைப்புகளில் கொலை, களவு, பொய், அழுக்காறு, கோபம் முதலியன உள்ளன. இங்கே தலைமை பெறுவது குணமே. மனிதர் அதற்கு எடுத்துக்காட்டாகவே வரமுடியும். கதையிலிருந்து குணத்திற்குச் செல்லாமல் குணத்திலிருந்து நடத்தைக்குச் செல்லும் வழி இது. பரமார்த்த குரு கதை சிரிப்புக்காகச் செய்ததை நாவலர் ஒழுக்கத்திற்காகச் செய்தார் என ஒப்பிட்டால் மிகையாகும்; ஆனால் இரண்டிலும் பெயர் முந்துகிறது.

நாவலரை இவ்வளவில் நிறுத்திவிடுவது நேர்மையாகாது. பெரியபுராணத்தை அவர் உரைநடையாக்கியதோடு நாயன்மார் வரலாறுகளுக்குச் சூசனமும் எழுதினார். சூசனம் என்பது கதை உணர்த்தும் உட்பொருளை எடுத்துரைக்கும் பகுதி. இயற்பகை நாயனார் தம் மனைவியை அடியவர்க்கு அளித்ததும், சிறுத்தொண்டர் மகனை அறுத்துக் கறி சமைத்ததும் செயல் அளவில் நோக்கின் திகைப்பூட்டுவன. செயலே உரைகல் என்ற குறளின் அளவுகோலை மட்டும் கொண்டால் இவர்களுக்கு நற்பெயர் இடுவது அரிது. அச்செயலைச் செய்தவர் எதனை எதனினும் மேலாகக் கொண்டார் என்று வினவும்போதே, அடியார் வரலாறு என்ற நிலையில் அவை பொருள்படுகின்றன. சூசனம் அவ்வினாவை எழுப்பி அதற்குச் சைவ சித்தாந்த நோக்கில் விடையும் தருகிறது. விடையை ஏற்பதும் மறுப்பதும் வேறு. செயலுக்கும் குணத்திற்கும் நடுவே நோக்கம் என்ற ஒன்று உண்டு என்பதையும், அதனைச் சான்றுகாட்டி நிறுவவேண்டும் என்பதையும் தமிழ் உரைநடையில் இவ்வளவு விரிவாகச் செய்துகாட்டிய முன்னோடி நாவலரே. அம்முறை பாலபாடத்தில் இடம்பெறவில்லை. பள்ளிப்பிள்ளைக்கு விதி, வளர்ந்தவர்க்கு விளக்கம் என்ற பிரிவு அவரிடமே தெளிவாகக் காணப்படுகிறது.

சிறுவர் நூலுக்கு அப்பால், முதல் தமிழ் நாவலும் இதே தளத்தில் நின்றது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை பிரதாப முதலியார் சரித்திரத்தின் 1879ஆம் ஆண்டு ஆங்கில முன்னுரையில், முதன்மை மாந்தரை முற்றிலும் நற்குணத்தவராகவே படைத்திருப்பதாகவும் அதற்கு டாக்டர் ஜான்சனின் கருத்தே வழிகாட்டி என்றும் குறிப்பிடுகிறார். குறையுள்ள மாந்தரைக் கண்டு இளம் வாசகர் குறையைப் பின்பற்றிவிடுவர் என்பது ஜான்சனின் அச்சம். நன்மை நிறைந்த ஞானாம்பாளிடம் வாசகர் கண்டறிய வேண்டியது குறைவு. போற்ற வேண்டியதே மிகுதி.

மேடையில் வளர்ந்த திறன்

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. அம்மாற்றம் தொடக்கப்பள்ளியில் நிகழவில்லை. ஏ.சி. பிராட்லியின் ஷேக்ஸ்பியர் அவலநாடக ஆய்வு 1904இல் வெளிவந்த பின்னர், கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் கற்றோர் மாந்தரின் உளநிலையை ஆராயும் முறையில் பயிற்சி பெற்றனர். அம்முறை தமிழ்க் காப்பியங்களுக்கும் வந்தது. வ.வே.சு. ஐயர் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு, அ.ச. ஞானசம்பந்தனின் 'இராவணன் மாட்சியும் வீழ்ச்சியும்', மு. வரதராசனின் 'கண்ணகி', 'மாதவி' ஆகிய நூல்கள் இப்போக்கின் நல்ல விளைவுகள். ஞானசம்பந்தனின் தலைப்பே ஒரு வாதம். மாட்சியும் வீழ்ச்சியும் ஒருவனுக்கே உரியன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கவியலாது.

இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது பட்டிமன்றம். வாதிடும் அறிஞர் கூடும் பட்டிமண்டபம் மணிமேகலையிலேயே பேசப்படுகிறது. சா. கணேசன் 1939இல் நிறுவிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் விழா மேடைகளில் அது புதிய வடிவம் பெற்றது. உடன்பிறப்பில் சிறந்தவன் பரதனா இலக்குவனா, கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்பன போன்ற தலைப்புகள் இன்று நகைப்புக்கு உள்ளாகலாம். 'சிறந்தவர் யார்' என்று கேட்பதே மாந்தரை மதிப்பெண் பட்டியலில் நிறுத்துவதாகும் என்ற மறுப்பும் நியாயமானதே. எனினும் ஒன்றை மறுக்கவியலாது. மேடையில் எழுந்தவர் 'பரதன் அன்புடையவன்' என்று சொல்லி அமர்ந்துவிட முடியாது. எந்தப் படலம், எந்தச் சூழல், யாரிடம் என்ன சொன்னான் என்று காட்டவேண்டும். எதிரணியினர் அதே பாடலை வேறு வகையாகப் பொருள்கொண்டு மறுப்பர். நடுவர் இருசாராரின் சான்றையும் நிறுத்துத் தீர்ப்புரைப்பார். பெயரும் சான்றும் இணைந்து இயங்கிய இடம் அது. கோயில் திடலில் பாயில் அமர்ந்து இதனைக் கேட்ட பிள்ளைகள், வகுப்பறையில் பெறாத ஒரு பயிற்சியை அங்கே பெற்றனர் எனக் கருத இடமுண்டு.

மாதவியைப் பற்றிய வாதங்களில் தவறாமல் வருவது அவள் எழுதிய மடல்கள். வேனிற்காலத்தில் அவள் விடுத்த முதல் மடலைக் கோவலன் ஏற்கவில்லை; ஆடல் மகளின் நடிப்பு என்று அவளை ஒதுக்கினான். மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் கொணர்ந்த இரண்டாம் மடலைப் படித்த பிறகு, அவளிடம் குற்றமில்லை, குற்றம் தன்னதே என்று உணர்ந்தான். கதைமாந்தர் ஒருவரே மற்றொரு மாந்தரின் குணத்தைத் தவறாக அறிந்து, சான்று கண்டு, திருத்திக்கொள்ளும் இடம் இது. இளங்கோவடிகள் இங்கே வாசகர்க்கு மாதவியை மட்டும் அறிமுகப்படுத்தவில்லை. குணமறிதல் எவ்வளவு எளிதில் பிழைபடும் என்பதையும் கோவலன் வழியே காட்டியுள்ளார்.

தேர்வுத்தாளில் பண்பு

மாந்தர் பண்பை விளக்குமாறு கேட்கும் வினா பள்ளித் தேர்வில் இடம்பிடித்தபோது, கொள்கையளவில் இவ்விரு மரபும் இணைந்தன எனலாம். வினா பெயரையும் கேட்கிறது, விளக்கத்தையும் கேட்கிறது. நடைமுறையில் விளக்கம் மெலிந்தது. அன்பு, பொறுமை, ஈகை, துணிவு என உட்தலைப்புகளை இட்டு, ஒவ்வொன்றன் கீழும் இரண்டு வரி எழுதும் வடிவத்தை வினா-விடை நூல்கள் நிலைப்படுத்தின. திருத்துநர்க்கு இது வசதி. நூற்றுக்கணக்கான தாள்களை விரைந்து திருத்த வேண்டியவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் மாணவர் கற்பது உட்தலைப்புகளையே. அவற்றை எந்தக் கதைக்கும் பொருத்திவிடலாம் என்பதைப் பிள்ளைகள் மிக விரைவில் கண்டுகொள்கின்றனர்.

கீழ்வகுப்புகளில் இந்நிலை இன்னும் தெளிவாகத் தெரியும். பாட்டி வடை சுட்ட கதையில் நரி தந்திரமுடையது, காகம் ஏமாளி. காகம் அவ்வடையைப் பாட்டியிடமிருந்து திருடியது என்பதை எவரும் கேட்பதில்லை. மேனாட்டு வடிவங்களில் காகத்தின் வாயிலிருக்கும் பாலடைக்கட்டி எங்கிருந்து வந்தது என்பது கதையின் மையத்தில் இல்லை. தமிழ் வடிவத்திலோ பாட்டிதான் கதையின் தொடக்கம். உழைத்தவள், திருடியவன், ஏமாற்றியவன் என மூவர் இருந்தும் கேள்வி இருவரைப் பற்றியே எழுகிறது. வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு காகம் பாடும் புதிய முடிவு அதனை 'ஏமாளி' என்ற பெயரிலிருந்து விடுவித்துப் 'புத்திசாலி' ஆக்கிவிட்டது. பாட்டிக்கு அப்போதும் வடை கிடைக்கவில்லை.

சிறுவர்க்கு இவ்வளவுதான் இயலும் என்று சொல்வதற்கில்லை. ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட சிறுவர் ஒழுக்கத் தீர்ப்பு பற்றிய நூலில், அறியாமல் பதினைந்து கிண்ணங்களை உடைத்த சிறுவனையும், இனிப்பைத் திருட முயன்று ஒரு கிண்ணத்தை உடைத்த சிறுவனையும் ஒப்பிடுமாறு பிள்ளைகளைக் கேட்டார். இளையோர் பலர் சேதத்தின் அளவைக் கொண்டும், சற்று மூத்தோர் நோக்கத்தைக் கொண்டும் தீர்ப்புரைத்தனர். தமிழ் வகுப்பறையில் இதற்கென ஒரு கதையைத் தேடவேண்டியதில்லை. கன்றின் மேல் தேர் ஏறிய இளவரசன் வேண்டுமென்று அதனைச் செய்யவில்லை. அவன் குற்றவாளியா என்ற கேள்வியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால், 'நீதி தவறாதவன்' என்ற விடையோடு பாடம் முடிந்துவிடாது.

விரிவானத்தில் ஒரு கதை

தமிழ்நாட்டில் 2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல், உரைநடை, கவிதை, இலக்கணம் ஆகியவற்றுடன் விரிவானம் என்ற பகுதியில் சிறுகதைகளையும் தருகிறது. அவற்றுள் ஒன்று கு. அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்'. பக்கத்து வீட்டில் வந்து தங்கியிருக்கும் நோயாளி குப்புசாமியைக் கண்டு கதைசொல்லிக்கு அருவருப்பு. அவனுக்கு யாருமில்லை என்பதே அவனை மதியாமைக்கும் காரணமாகிறது. ஒருநாள் காஞ்சிபுரத்திலிருந்து வரும் ஒருவர், வீரப்பன் என்னும் நண்பன் கடன் வாங்கி அனுப்பிய சிறு தொகையையும் ஒரு கடிதத்தையும் தருகிறார். கடிதத்தைப் படித்த கதைசொல்லி மாறிப்போகிறான்.

இக்கதையில் மனிதநேயம் மிக்கவர் யார் என்ற கேள்விக்கு, வீரப்பன் என்ற விடையே முதலில் தோன்றும். அவன் கதையில் நேரில் வருவதே இல்லை. கடன் வாங்கியது, கடிதம் எழுதியது ஆகிய இரண்டு செயல்களைத் தவிர அவனைப் பற்றி அறிய வேறு வழியில்லை; குறள் சொன்ன உரைகல் இவ்வளவு தூயதாக வேறு கதையில் கிடைப்பது அரிது. அவ்விரு செயல்களிலிருந்து அவன் வறுமை, நட்பு, தன் இயலாமை குறித்த கூச்சம் ஆகியவற்றை மாணவர் தாமே தேடி எடுக்க வேண்டியுள்ளது.

மாதவியின் மடல் போலவே இங்கும் ஒரு கடிதம் வருகிறது. படித்தவன் தன் தீர்ப்பைத் திருத்திக்கொள்கிறான். ஆனால் கோவலன் பிழையாக அறிந்தது தான் காதலித்தவளை. இக்கதைசொல்லி பிழையாக அறிந்தது, ஒரு பொருட்டாகவே எண்ணாத ஒருவனை. வீரப்பனுக்கு 'அன்பு', 'ஈகை' என்னும் உட்தலைப்புகளை இட்டு முடிக்கும் விடைத்தாளில் கதைசொல்லிக்கு இடமிராது. கதை முழுவதும் 'நான்' என்று பேசுபவனை மாந்தராகவே மாணவர் எண்ணாமல் போவதும் உண்டு. குப்புசாமியை ஏன் அவ்வளவு வெறுத்தான், அவ்வெறுப்புக்கு அந்நோயாளி செய்த குற்றம் யாது, கடிதத்தைப் படிக்கும் வரை அவன் கண்ணில் படாதது எது என்ற கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் விடையில்லை. கதையின் பக்கங்களைப் புரட்டி, அவன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் வரிகளைத் தேடினால் மட்டுமே அவற்றுக்கு விடை கிட்டும்.